ஏரிக்கரை ஓட்டத்தில் மதகு பறிபோன செய்தி

மழை தவறாதிருக்க, மதில் சரியாதிருக்க, மருதவெளி நாடு மாண்புற்று விளங்குக! முப்பது கோட்டத்துக்கும் உரிமை பூண்ட அடலேறுவர்மரின் பட்டத்தரசி குவளைமாதேவி, நாரைக்கண் ஏரிக்கரைப் பாசறையினின்று விடுக்கும் ஓலை. தலைநகர் பொன்னரணத்தில் அரசவையின் அறிவுக்கண்ணாகவும் அறநெறியின் காவலராகவும் வீற்றிருப்பவரும், மன்னர் தும்மினாலும் அதற்கொரு வாழ்த்துப்பா ஆயத்தமாக வைத்திருப்பவருமாகிய பேரமைச்சர் மாதவராயர் இதைக் கைக்கொண்டு, அமராமல் நின்றபடியே படித்தறிக. நும் இல்லம் நலமாகுக. நகர மாந்தர் நோயின்றி வாழ்க. நும் முழங்கால்கள் நெடுநாள் உறுதியாயிருக்க. அவற்றுக்கு வேலை வருகிறது.

எட்டு வாயிலிலும் வெற்றித் தோரணம் கட்டியாயிற்று என்றும், யானைக்கு முகபடாம் பூட்டி நிறுத்தியிருப்பதாகவும் நீர் விடுத்த ஓலை கண்டோம். யானையை அவிழ்த்துக் குளிப்பாட்ட அனுப்புக. மன்னர் தோற்றார். அத்தோடு ஏரியின் மதகும் நாற்பது நாளைக்குக் கைவிட்டுப் போயிற்று. ஏரிக்குக் கீழே நம் ஐந்து ஊர்களின் நாற்றங்கால்கள் பதினெட்டு நாள் பயிராய் நிற்கின்றன. அவை தண்ணீருக்கு என்ன செய்யும் என்பதை நும் வாழ்த்துப்பாக்களில் எங்கேனும் எழுதியிருந்தால் தேடி எடுத்து வைக்கவும்.

இது தொடங்கிய விதம் நும் நினைவில் இருக்கும். சென்ற வேனிலில், இதே ஏரி நீரை நம்மோடு பங்கிடும் கல்மேட்டு நாட்டு மன்னர் செழுங்கோடனார், நம் மன்னரோடு ஒரே ஆசானிடம் படித்த பால்ய நண்பர், விருந்தினராய் வந்தார். காவற்கோபுரத்தின் நூறு படிகளையும் அவர் பேசிக்கொண்டே ஏறிவிட்டார். நம் மன்னரோ வழியில் இருமுறை அமர்ந்தார். இரண்டாம் முறை, இயற்கை அழகைக் காண அமர்ந்ததாக அருளினார். அங்கே ஒரு சுவர்தான் இருந்தது. மறுநாளே நண்பரிடம் இரகசியம் கேட்க, தாம் நாள்தோறும் விடியலில் தோழர் சிலருடன் ஓடுவதாகவும், அதற்குமேல் மருந்தொன்றும் இல்லை என்றும் அவர் கூறிச் சென்றார். அன்று முதல் நம் மன்னருக்கு ஓட்டப் பித்துப் பிடித்தது.

அது நல்ல பித்துதான், மாதவராயரே. மன்னர் மெய்யாகவே ஆசைப்பட்டார். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதர் இருட்டு விலகுமுன் எழுந்து, பாதுகையைத் தாமே தேடி, குழந்தைபோல் முற்றத்துக்கு விரைந்ததை நாம் கண்டோம். அந்த ஆசையை நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்ன செய்தீர்கள் என்பதே இந்த ஓலையின் பொருள்.

காலைப் பயிற்சி என்று ஒன்று ஏற்பட்டது. அறுபத்திரண்டு அதிகாரிகள் ஓடுவதற்கென்றே தைத்த பட்டுக் கச்சை அணிந்து வந்தார்கள். பண்டாரத் தலைவர் விசிறி வீசுபவரையும் உடன் அழைத்து வந்தார். மன்னரின் காலடிகளை எண்ண ஒரு கணக்கர் அமர்த்தப்பட்டார். மாலைதோறும் பத்தாயிரம் அடி நிறைந்ததென்று முரசு அறைந்தார்கள். மன்னர் ஊஞ்சலில் அமர்ந்து காலை ஆட்டியதும் அதில் சேர்த்தி. மன்னருக்கு முன்னே எவரும் செல்லலாகாது, அவருக்கு முதுகு காட்டலாகாது என்ற அரண்மனை வழக்கத்தைப் பயிற்சி முற்றத்திலும் நீர் கொண்டுவந்து நட்டீர். ஆகவே கடல் கடந்து வந்த பயிற்சி ஆசான் வச்சிரதேகர் மன்னருக்குப் பின்னால் நின்று தண்டால் எடுத்துக் காட்டினார். முன்னால் நின்ற மன்னர் எதையும் காணாமல் மனம்போல் கையைக் காலை வீசினார். வகுப்பு முழுவதும் மன்னரைப் பார்த்து அதையே வீசியது. ஓட்டமோ அதனினும் சிறப்பு. மன்னர் ஓடினால் நீங்கள் நடந்தீர்கள். மன்னர் நடந்தால் நீங்கள் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்து, மூச்சு வாங்குவதாய் நடித்தீர்கள். ஆறு திங்கள் மன்னர் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் நாடே தமக்குப் பின்னால் இளைத்து வந்தது. தாம் காற்றினும் விரைந்தவர் என்று அவர் நம்பியதில் என்ன வியப்பு?

நம்பியவர் நண்பருக்கு ஓலை விடுத்தார். பக்கத்துக்கு மூவர், ஏரிக்கரையின் மேலைக் கோடியிலிருந்து கீழைக் கோடிக் கல்தூண் வரை மூன்று கூப்பிடு தூரம், தூணை முதலில் தொடுபவர் எவராயினும் அவர் நாட்டுக்கே நாற்பது நாள் மதகு உரிமை. பந்தயப் பொருளை முன்மொழிந்தவர் நம் மன்னரே. அது நன்று என்று மும்முறை தலையசைத்தவர் நீர்.

இனி நடந்ததைக் கேளும். கல்மேட்டுப் பக்கம் செழுங்கோடனாரும், உப்பு வணிகர் ஒருவரும், ஆட்டிடையர் சடையனாரும் வந்தார்கள். இவர்களே அவருடைய அன்றாட ஓட்டத் தோழர்கள். அவரை அன்றாடம் தோற்கடிப்பவர்களும் இவர்களே என்று அவர் பெருமையாகச் சொன்னார். நம் பக்கம் மன்னர், ஆசான் வச்சிரதேகர், சேனாபதி வீரகங்கரையர். சேனாபதியின் கால்களை நீர் அறிவீர். கிழக்கு எல்லைப் போரில் வென்ற செய்தியை அரை நாளில் ஓடிவந்து சொன்ன கால்கள் அவை.

முரசு முழங்கியதும் மூன்று முதுகுகள் நம் மன்னருக்கு முன்னே போயின. பிறந்த நாள்தொட்டு அவர் மனித முதுகைக் கண்டதில்லை. முதலில் அவர் சினந்தார். அவர்களை நிறுத்துமாறு கையை உயர்த்தினார். நிற்பார் இல்லை. பின்பு, நாம் கரையோரத்தில் நின்று கண்டது இது: மன்னர் வேட்டியை மடித்துக் கட்டினார், பல்லைக் கடித்தார், வாழ்நாளில் முதன்முறையாக மெய்யாகவே ஓடினார். முகம் சிவந்து, வயிறு குலுங்கி, அழகென்று எதுவும் இல்லாமல் ஓடினார். அதற்குமுன் என்றும் நமக்கு அவரை அவ்வளவு பிடித்ததில்லை.

பாதி வழியில் ஊழ் ஒரு வாயில் திறந்தது. முன்னோடிய சடையனாரின் காலில் கருவேல முள் ஏறி, அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். செழுங்கோடனாரும் வணிகரும் பந்தயத்தை மறந்து, அவர் காலை மடியில் வைத்து முள்ளைப் பிடுங்க முனைந்தார்கள். ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் கரை வெறுமையாய்க் கிடந்தது. நம் மன்னர் அதைக் கண்டார். தம்மால் ஆகாது என்பதையும் அந்த நொடியில் கண்டுகொண்டார். இரண்டடி பின்னால் வியர்வைத் துளியும் இல்லாமல் வந்த சேனாபதியை நோக்கி, தம்மை விட்டு முன்னே ஓடுமாறு கட்டளையிட்டார். சேனாபதி வாய் பொத்தி, முப்பதாண்டுத் தொண்டில் மன்னர்க்கு முதுகு காட்டியறியாத அடியேன் இன்று அப்பழி ஏற்பேனோ என்று விண்ணப்பித்தார். ஊர்களின் தண்ணீர் போகிறது, ஓடுக என்று மன்னர் கதறினார். அது தம் பற்றைச் சோதிக்கும் திருவிளையாட்டு என்று கருதிய சேனாபதி மண்டியிட்டு வணங்கினார். மன்னர் அவர் தோளைப் பற்றி இழுத்து முன்னே தள்ளினார். அவர் சுற்றி வந்து மறுபடியும் பின்னால் நின்றார். ஆசான் வச்சிரதேகர் அவருக்கும் பின்னால் நின்றுகொண்டு, இதுவும் தோளுக்கு நல்ல பயிற்சி என்றார்.

அதற்குள் முள் வந்துவிட்டது. நொண்டியபடி எழுந்த சடையனார், தமக்காக நில்லாமல் போய்த் தூணைத் தொடுமாறு தம் மன்னரிடம் சொன்னார். அந்த மன்னர் அப்படியே போய்த் தொட்டார். அங்கே இடையர் சொன்னதை மன்னர் கேட்டார். இங்கே மன்னர் சொன்னதைச் சேனாபதி கேட்கவில்லை. பணிவு எந்த நாட்டில் மிகுதி என்று நீரே எடை போடுக.

கரைக்குக் கீழே நம் ஊரார் தலையில் கைவைத்து நின்றார்கள். நெடுங்குடியைச் சேர்ந்த செல்லாயி என்னும் உழத்தி மன்னரை வணங்கி, நாற்று வெள்ளிக்கிழமை தாண்டாது என்பதை மட்டும் அறிவித்துச் சென்றார். செழுங்கோடனார் பாதித் தண்ணீர் தர முன்வந்தார். அவருடைய நாற்றும் வாடுவதைக் கண்ட நம் மன்னர், சொன்ன சொல்லைத் திரும்பக் கேட்க நாணி மறுத்தார். பாசறைக்கு வந்து நெடுநேரம் தம் கால்களையே பார்த்திருந்தார். எந்நாள் முதல் தம்மை ஏமாற்றினார்கள் என்று எம்மை வினவினார். முதல் நாள் முதலே என்றோம். நீ ஏன் சொல்லவில்லை என்றார். மாடத்திலிருந்து பார்த்துச் சிரிப்பதற்கு நன்றாயிருந்தது என்ற உண்மையை அவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் அழுதார். அந்தக் குற்றம் எம்முடையது; அதற்கான பங்கை யாமும் சுமக்கிறோம்.

ஆகலின் ஆணை யாதெனின்: காலைப் பயிற்சியில் பதிந்த அறுபத்திரண்டு பேரும், நும்மையும் சேர்த்து, ஓலை கண்ட பொழுதே பல்லக்கின்றிக் கால்நடையாய்ப் புறப்பட்டு வியாழன் விடியலில் நெடுங்குடி வந்து சேர்க. ஆளுக்கொரு குடம் கொணர்க. வெள்ளாற்றில் மொண்டு, அரைக் கூப்பிடு தூரம் ஓடி, ஐந்து ஊர் நாற்றங்காலிலும் ஊற்றுக. மழை வரும்வரை, அல்லது நாற்பது நாள் முடியும்வரை இதுவே பயிற்சி. பட்டுக் கச்சை வேண்டா; சேறு படும். நும் மூட்டுவலியை முன்கூட்டியே அறிவோம். வசந்த விழாவில் அது ஆடியதையும் கண்டோம்.

மன்னர் நேற்றே தொடங்கிவிட்டார். முதல் நடையில் பாதிக் குடம் வழியிலேயே சிந்திற்று. ஏழாம் நடையில் கால்குடம்தான் சிந்திற்று. அவருக்குப் பின்னால் வந்து சேரும் ஒவ்வொருவரும் மேலும் ஒரு நடை போகவேண்டும் என்பது விதி. சேனாபதி இதுவரை இருபத்தொரு நடை போயிருக்கிறார். இன்னும் மன்னருக்கு இரண்டடி பின்னால்தான் வருகிறார்.

இவ்வண்ணம் நான்கு ஏட்டில் எழுதி, மீன்கொத்தி இலச்சினையை மன்னரே தம் ஈரக்கையால் ஒற்றினார். ஒற்றிய பின் எழுத்தாணியை வாங்கிக் கடைசி வரியைத் தாமே கீறினார்: எம்மை முந்துக, இது எம் ஆணை.