அறுபத்து நாலாவது துண்டு

அம்மா தாயே,

முட்டை பொரித்து அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன். மகள் நாலு மணிக்கு வருகிறாள். அவள் குழந்தைக்கு நாம் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வையை அலமாரியில் ஒளித்துவிடு.

நேற்று நீ, "அளவு அட்டையை வச்சு வெட்டுங்க, வெட்டின துண்டை வச்சு அடுத்ததை வெட்டாதீங்க" என்று தலைதலையாய் அடித்துக்கொண்டாய். முப்பது வருஷம் ஊர் நிலத்தையெல்லாம் அளந்த எனக்கே பாடமா என்று கேட்டுவிட்டு, வெட்டின துண்டை வைத்தே அடுத்ததை வெட்டினேன். ஒவ்வொரு துண்டும் முந்தியதைவிட மயிரிழை மயிரிழையாய் வளர்ந்து, அறுபத்து நாலாவது துண்டில் இப்போது யானை படுத்துத் தூங்கலாம்.

"துணியே பாழ்!" என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்தினாயே, பாழ் என்றது மட்டும் தப்பு. சிறுத்திருந்தால்தான் பாழ்; பெருத்ததைக் குறைக்கலாமே! நீ எழுமுன் எல்லாவற்றையும் உன் அட்டையை வைத்தே ஓரம் வெட்டிவிட்டேன். அடுக்கிப் பார், புதுச் சீட்டுக்கட்டு தோற்றுப்போகும்.

நூலகத்துக்குப் போகிறேன். ஆறு மணிக்கு வருவேன்.

பி.கு.: வெட்டிய ஓரங்களால் தக்காளிச் செடிகளைக் கட்டியாயிற்று.

இன்னொன்று: காகிதம் பட்டால் மொண்ணையாகும் என்று நீ பொத்திப் பொத்தி வைக்கும் துணிக் கத்தரிக்கோலால்தான் இந்தக் கடிதத் தாளை வெட்டினேன். இப்போதாவது வாயைத் திறந்து திட்டு.