ரெண்டு விசில்

14 செப்டம்பர் 2025, ஞாயிறு

அபிநயாவின் வண்டி வந்துவிட்டது. தியாகதுருகத்தில் எங்கள் தெருவுக்குள் திரும்பவே யோசிக்கிற அளவுக்குப் பெரிய வண்டி. பெட்ரோலும் உண்டு, பேட்டரியும் உண்டு. எதில் ஓடுவது என்று அதுவே முடிவு செய்துகொள்ளுமாம். என் மகளும் அப்படித்தான், யாரையும் கேட்பதில்லை. கல்வராயன் மலையில் சாமையும் தேனும் வாங்கி வந்து விற்கிறாள். இத்தனை நாள் வாடகை ஜீப்பில் போனாள்.

என்னை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்துப் பட்டனை அமுக்கச் சொன்னாள். அமுக்கினேன்.

“ஸ்டார்ட் ஆவலியேம்மா.”

“ஆயிடுச்சிப்பா. ரெடின்னு பச்சையா காட்டுது பாரு.”

எனக்குத் திக்கென்றது. மிச்சமிருந்த காதும் போய்விட்டதா? திரும்பினால், தங்கமணி பானெட்டில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள். “எனக்கும் ஒண்ணும் கேக்கலியே” என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் சொன்னதில் எனக்கு இவ்வளவு பிடித்த பேச்சு வேறில்லை!

16 செப்டம்பர்

தூக்கம் வரவில்லை. மனசு முழுக்க வண்டி.

கள்ளக்குறிச்சி – வெள்ளிமலை பஸ்ஸை ஓட்டியவன் நான். எப்போது கியர் மாற்ற வேண்டும் என்று கண்ணும் கையும் சொல்லாது, காதுதான் சொல்லும். அந்தக் காதைப் பக்கத்திலேயே உறுமிக்கொண்டிருந்த இன்ஜின் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. நானாகவே சொல்லி ஸ்டியரிங்கை விட்டு இறங்கினேன். அதற்குப் பிறகு மலைப்பக்கம் போகவே இல்லை.

இன்று காலை அபிநயாவிடம் கேட்டே விட்டேன். மலை ரோட்டை மறுபடி ஒரு தரம் நான் ஓட்டட்டுமா?

“காது மிஷின டிராயர்ல பூட்டி வெச்சிக்கினு மலை ஓட்டணுமாம்” என்று போய்விட்டாள்.

அந்த மிஷினை மாட்டினால் மிக்சி, டிராக்டர், பாத்திரம் எல்லாம் ஒன்றாக மண்டைக்குள் வந்து இறங்குகிறது. மனுஷன் பேசுவது மட்டும் கேட்காது. பஸ்ஸில் மாட்டிப் பார்த்தேன், இன்ஜின் தவிர வேறெதுவும் இல்லை. யார் மாட்டுவார்கள்?

21 செப்டம்பர், ஞாயிறு

மானம் போயிற்று.

வண்டியைத் திருப்பிக் கொட்டகையில் நிறுத்திவிட்டு இறங்கினேன். சத்தமில்லை. சத்தமில்லையென்றால் வண்டி ஆஃப் என்பது தானே வழக்கம்? சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீக்குப் போய்விட்டேன். ஏசி ஓடி ஓடி பேட்டரி இறங்கியதும், உள்ளே யாருமே இல்லாத வண்டி தானாக இன்ஜினை ஸ்டார்ட் செய்திருக்கிறது. கூலிக்குச் சாமை புடைத்துக்கொண்டிருந்த ஜெயம்மாள் முறத்தைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். “யக்கோவ், வண்டி தானா கெளம்புது!” நான் வந்தபோது தங்கமணி எலுமிச்சம்பழத்தை அறுத்துக்கொண்டிருந்தாள்.

சிரித்துக்கொண்டுதான் இருந்தோம், அபிநயா வரும்வரை.

“சாவியோட எறங்கினா வண்டி பீப் பீப்னு கத்துமேப்பா. உனுக்குக் கேக்கலியா?”

கேட்கவில்லை. அப்படியொரு சத்தம் இருக்கிறதென்றே தெரியாது.

அவள் கோபப்படவில்லை. கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள். கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

22 செப்டம்பர்

சாவி அவள் கைப்பையில். நான் வீட்டில்.

5 அக்டோபர், ஞாயிறு

மலைக்குப் போனேன். அவள் ஓட்ட, நான் பக்கத்து சீட்டில் மூட்டை.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், என்ன வண்டி! ஏற்றத்தில் பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து தள்ளுகின்றன. பஸ்ஸை முனகவைத்த வளைவுகளை இது முகம் சுளிக்காமல் ஏறிற்று. இறங்கும்போது அதைவிட விசேஷம். பிரேக் நாற்றத்தோடு நாங்கள் இறங்கிய அதே இறக்கத்தில் இது வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் பேட்டரியை நிரப்பிக்கொள்கிறது. ஏறும்போது செலவு, இறங்கும்போது சம்பாத்தியம். சகதி, பாறை என்று பாதைக்கேற்ப ஒரு திருகு. முன் சக்கரத்துக்குக் கீழே இருக்கும் கல்லைத் திரையில் காட்டுகிறது. நான்கு சக்கரமும் இழுக்க லோ கியர்.

இதில் காதுக்கு எங்கே வேலை என்று வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். வளைவில் எதிர்வண்டி ஹார்னுக்கு மட்டும்தான்.

12 அக்டோபர், ஞாயிறு

என் பழைய கண்டக்டர் நாராயணசாமி வண்டியைப் பார்க்க வந்தான். பேச்சுவாக்கில் ஒன்று கேட்டேன். கடைசிக் காலத்தில் ஏன் விசிலை விட்டுவிட்டுப் பஸ் தகரத்தில் கையால் தட்ட ஆரம்பித்தாய்? பல்செட் கட்டியதால் ஊத வரவில்லை என்றல்லவா நினைத்திருந்தேன்!

“என் பல்லுக்கு இன்னா கேடு? ரெண்டு விசில் குடுத்தா நீ எடுக்காம அப்டியே உக்காந்துகினு இருப்ப. ஜனங்க உன்ன இன்னா சொல்வாங்கோ? அதான் தட்டினேன். தட்டினா சீட்டு வழியா உனுக்குத் தெரியும்.”

விசில்தான் எனக்கு முதலில் போயிருக்கிறது. எனக்கே தெரியவில்லை, இவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஒருவரிடமும் சொல்லாமல், என்னிடமும் சொல்லாமல், உள்ளங்கை சிவக்கத் தட்டியிருக்கிறான். இந்த ஆளைப் போய் சோம்பேறி என்று எத்தனை தரம் திட்டியிருக்கிறேன்.

அபிநயா கேட்டுக்கொண்டிருந்தாள். நாராயணசாமிக்கு இன்னொரு தோசை வைத்தாள்.

26 அக்டோபர், ஞாயிறு

இன்றும் தூக்கம் வரவில்லை. பயத்தில் இல்லை.

வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே, சடையன் வீட்டில் தேன் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மண்பாதை இறக்கம், கீழே ஓடை. நடு இறக்கத்தில் வண்டி பக்கவாட்டில் வழுக்கியது. அபிநயா பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டாள். பிறகு காலை எடுக்கவே இல்லை. முகம் வெளுத்துவிட்டது.

“அப்பா, என்னால முடியலப்பா.”

“நீ எறங்கி இந்தப் பக்கம் வா.”

ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு மாறி உட்கார்ந்தோம். லோ கியர். இறக்கத்தில் தானே பிடித்துக்கொண்டு இறக்குகிற பட்டன். அடுத்தது பிரேக்கிலிருந்து காலை எடுக்கவேண்டும். முப்பது வருஷம் டிரைவர் வேலை பார்த்தவனுக்கு அதைவிடக் கொடுமை இல்லை. எடுத்தேன். வண்டி ஒவ்வொரு சக்கரமாகப் பிடித்துப் பிடித்து, மாடு கால் பார்த்து வைப்பதைப் போல இறங்கியது. ஓடையைத் தாண்டி மேட்டில் ஏறி நிறுத்தினேன்.

“நீயே ஓட்டுப்பா.”

“எனக்கு ஹார்ன் கேக்காதேம்மா.”

அவள் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டினாள். வளைவு வந்ததும் டேஷ்போர்டில் ஒரு தட்டு. நிறுத்தினேன். பனிக்குள்ளிருந்து லாரி ஒன்று வந்து கடந்து போனது. ரெண்டு தட்டு. எடுத்தேன். அடிவாரம் வரைக்கும் அப்படியே. மழையில் தொப்பலாக நனைந்துவிட்டாள், என் கண்ணு.

27 அக்டோபர்

நேற்று நான் மலை ஓட்டினேன்.

2 நவம்பர், ஞாயிறு

அபிநயா சாவியையும் காது மிஷினையும் ஒரே தட்டில் வைத்து நீட்டினாள். “ரெண்டும் சேந்துதான். ஒண்ணு மட்டும் கெடையாது.”

முணுமுணுத்துக்கொண்டே மாட்டினேன். தெருவில் வழக்கமான இரைச்சல். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினேன். அமைதி. பட்டனை அமுக்கினேன். அப்போதும் அமைதி. மிஷினுக்குள் வந்து உறுமுவதற்கு இன்ஜினே ஓடவில்லை.

பின்சீட்டில் தங்கமணி மெதுவாக, யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், “கெழவனுக்கு மூஞ்சியில இன்னா சந்தோஷம் பாரு” என்றாள்.

“கேக்குதுடி” என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். அதுவும் கேட்டது.

9 நவம்பர், ஞாயிறு

மலைக்குக் கிளம்பினோம். நாராயணசாமியும் வருகிறேன் என்று பின்னால் ஏறிக்கொண்டான். கதவைச் சாத்தினான். அபிநயா வழக்கம்போல டேஷ்போர்டில் தட்டக் கையைத் தூக்கினாள். அவன் “இரும்மா” என்று தடுத்து, சட்டைப் பையில் கைவிட்டான்.

ரெண்டு விசில்.

வண்டியை எடுத்தேன்.