கயிறு பிடிக்கப்படும்

கடலோடு போன என் அருமை சூசை மச்சானுக்கு,

ஒரு யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். சென்னையிலிருந்து ஒரு மாதப் பத்திரிகை முத்துக்குளிப்பைப் பற்றி நாலு பக்கம் கேட்டிருக்கிறது. துறைமுக ஆபீசில் டைப் அடிக்கிற எனக்கு இதெல்லாம் எதற்கு? ஆசை, வேறென்ன.

முதலில் குறிப்பு எடுங்கள், பிறகு வரிசைப்படுத்துங்கள், படிக்கிறவர் கடலையே பார்க்காதவர் என்று நினைத்து எழுதுங்கள் என்று ஆசிரியர் கார்டு போட்டிருந்தார். நானும் காகிதத்தைத் துண்டுதுண்டாக நறுக்கி சிப்பி, கல், கயிறு, ஏலம் என்று எழுதி வைத்தேன். காலையில் சிப்பியை முன்னால் வைப்பேன், சாயங்காலம் கல்லுக்கு மாறுவேன். எப்படி அடுக்கினாலும் கயிற்றுத் துண்டு மட்டும் கையில் மிஞ்சியது. மண்டை குழம்பிவிட்டது மச்சான்.

ஒருவழியாக எழுதி ரோசியிடம் கொடுத்தேன். உன்னைக் கட்டிய என் தங்கச்சி, நீ போன நாளிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். உன் மகள் டீச்சர் டிரெயினிங் படிக்கிறாள். புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பலெல்லாம் வருகிறது.

ரோசி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாக வாசித்தாள். ‘குளிப்பவர் கல்லோடு இறங்கியதும் படகில் கயிறு பிடிக்கப்படும்’ என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

“பிடிக்கப்படும்னு போட்டிருக்க. ஆரு பிடிப்பான்னு எழுதலையே அண்ணே?”

மச்சான்காரன்தான் பிடிப்பான், தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான் என்பது நம் கரையில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாதா? படிக்கிறவருக்காகக் கேட்டாளா, எனக்காகக் கேட்டாளா? பத்திரிகைத் தமிழ் அப்படித்தான் என்று சமாளித்துவிட்டு எழுந்து போனேன்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. மேலே தூக்கச் சொல்லி நீ அடியிலிருந்து இழுக்கிற கயிறு அன்றைக்கு ஒருதரம் லேசாக அசைந்தது. அலை என்று நினைத்தேன். இன்னொருதரம் அசையட்டும் என்று காத்திருந்தேன். அப்புறம் பதறி இழுத்தபோது உன் உடம்புதான் வந்தது. நீ இழுத்தாயா மச்சான்? இல்லை, அலைதானா? மூச்சு முட்டிச் செத்தான் என்று ஊர் சொன்னது, நானும் தலையாட்டினேன். இத்தனை வருஷம் அவள் கையால் சோறு வாங்கித் தின்றிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

அந்த வரியை அடித்துவிட்டு ‘நான் பிடித்தேன்’ என்று எழுதப்போகிறேன். கயிறு அசைந்ததையும் எழுதுவேன், நீயா அலையா என்று தெரியாததையும் எழுதுவேன். தபாலில் போடுவதற்கு முன் ரோசிக்கு வாசித்துக் காட்டுவேன். அதற்கப்புறம் அண்ணே என்று கூப்பிடுவாளோ, மாட்டாளோ. கூப்பிடாமல் போனாலும் முழுசாக வாசிப்பேன், இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
கயிறு பிடித்த உன் மச்சான்