என் வலப்பக்கம் நின்றவளுக்கு

இன்று காலை ஷிப்டில் புதுப்பெட்டி ஒன்றைப் பிரித்தேன். மோட்டாருக்குள் மாட்டுகிற ரப்பர் வளையங்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கை ஓடவில்லை. பனியில் நனைந்த நம் கூடைப்பந்தின் வாசனை அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச் பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஒரு கூடை தெரியும், எதிர்க்கூடை தெரியாது. அவ்வளவு பனி. நம் அறை மஞ்சுளா பந்தை எறிந்தால் அது வெள்ளைக்குள் போய் மறைந்துவிடும். கூடையில் தொங்கும் இரும்புச் சங்கிலி கலகலத்தால் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சத்தத்துக்காக வாயைத் திறந்துகொண்டு நிற்போம். இப்போது நினைத்தால், அந்த ஞாயிறுகள் நிஜமாகவே நடந்தனவா என்று சந்தேகமாக இருக்கிறது.

கம்பெனிகளுக்குள் நடக்கிற லீக்கில் பெண்கள் அணியும் உண்டு என்று கேள்விப்பட்டு, எங்கள் யாரையும் கேட்காமல் ஹாஸ்டல் அறைக்காரிகள் ஐந்து பேரின் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தவள் நீ. கூடைப்பந்து ஆடத் தெரிந்தவளும் நீ ஒருத்திதான். ஷாஹின் உயரமாக இருந்ததால் சேர்ந்தாள். நான் லைனில் உன் பக்கத்தில் நின்ற பாவத்துக்குச் சேர்ந்தேன்.

முதல் இரண்டு ஆட்டமும் தோற்றோம். ஏன் என்று நீதான் கண்டுபிடித்தாய், கேன்டீனில் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. எல்லாரும் இடது பக்கமே பந்தைக் கொடுக்கிறோம் என்றாய். யோசித்தால் உண்மைதான். லைனில் பொருள் வலப்பக்கத்திலிருந்து வரும். நம் வேலையை முடித்து இடப்பக்கம் தள்ளிவிடுவோம். நான்கு வருஷமாக அதே பழக்கம். எதிரணிக்காரி நம் இடப்பக்கம் வந்து நின்றால் போதும், பந்து அவள் கைக்குத் தானாகப் போய்ச் சேர்ந்தது. அதில் நான்தான் மோசம். லைனில் எனக்கு வலப்பக்கம் நீ. உன் கையிலிருந்து எனக்கு எல்லாம் வரும், என்னிடமிருந்து உனக்கு எதுவும் வராது.

"இது லைன் இல்லடி," என்றாய். "உன் வலது பக்கம் நான் எப்பவும் இருப்பேன். நீ பார்க்காமக்கூடக் குடு, நான் வாங்கிக்கறேன்."

அதையே பழகினோம். எந்தப் பக்கம் என்று தமிழில் கத்திப் பார்த்தோம், மஞ்சுளாவின் கன்னடத்தில் கத்திப் பார்த்தோம், தெலுங்கிலும் கத்தினோம். எதிரணிக்கு எல்லாமே புரிந்தது. மூன்று மொழியும் புழங்குகிற இந்த ஊரில் ரகசியம் பேச ஒரு மொழி கிடையாது. அதனால் கத்தாமலே கொடுக்கப் பழகினோம். அடுத்த இரண்டு ஆட்டத்திலும் ஜெயித்தோம்.

ஜூஜுவாடிப் பக்கத்துக் கம்பெனியோடு கடைசி ஆட்டம். ஜெயித்தால் ஃபைனல். ஒரே ஒரு பாயின்ட் பின்னால் இருந்தோம், நேரம் முடியப்போகிறது, பந்து என் கையில். ஷாஹின் இடப்பக்கம் கூடைக்கடியில் தனியாக நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் வலப்பக்கம் எறிந்தேன்.

வாங்க யாரும் இல்லை. பந்து கோட்டைத் தாண்டிப் பனிக்குள் உருண்டு போனது. விசில் ஊதிவிட்டார்கள். திரும்பினால், நீ ஒரு முழங்காலை ஊன்றித் தரையில் குனிந்திருந்தாய். லேஸ் அவிழ்ந்துவிட்டது என்றாய். ஷாஹின் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஹாஸ்டலுக்கு மெதுவாக, நின்று நின்று நடந்து வந்தோம். நீ சிரித்துக்கொண்டே வந்தாய்.

"போனா போகுது. பார்க்காம எனக்குக் குடுத்தே பாரு, எனக்கு அது போதும்டி."

அந்தப் பனிக்காலம் முடிவதற்குள் நீ போய்விட்டாய். சின்ன வயதிலிருந்தே இதயத்தில் கோளாறு என்று, துக்கத்துக்கு வந்த எங்களிடம் சாமல்பட்டி வீட்டில் உன் அம்மா சொன்னார். உனக்கும் தெரியும் என்றார். அழுகையைவிட எனக்குக் கோபம்தான் வந்தது. உன்மேல் கோபம். அது ஹாஸ்டலுக்குத் திரும்பி உன் சாமான்களைக் கட்டும்வரைதான். கட்டிலுக்கடியில் உன் ஷூ இருந்தது. அதில் லேஸே கிடையாது. ஒட்டுகிற பட்டைதான். ஒரு சீசன் முழுக்க உன்னோடு ஓடியவள், நான்கு வருஷம் உன் பக்கத்தில் நின்றவள், அதைப் பார்க்கவில்லை.

உன் இடத்தில் இப்போது குந்தாரப்பள்ளிப் பெண் ஒருத்தி நிற்கிறாள். இன்று நான் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு உன்னையே நினைத்திருந்தபோது, அவளிடமிருந்து பொருள் கொஞ்சம் தாமதமாக வந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லக்கா," என்றாள்.

முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது, ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். லைனை நிறுத்தும் பட்டனை அழுத்தினேன். சூப்பர்வைசர் தூரத்திலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். வரட்டும் என்று விட்டுவிட்டேன். ஸ்டூலை இழுத்து அவளை உட்காரவைத்தேன். என் பாட்டிலைத் திறந்து தண்ணீரை அவள் கையில் கொடுத்தேன். வலப்பக்கம்தான் கொடுத்தேன், பார்த்துக் கொடுத்தேன்.