ஐஸில் ஆடியவள் ஜெயித்தாளா?

அன்புள்ள அக்கா,

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

நாலு வருஷமாக நாம் காத்திருந்த குளிர்கால ஒலிம்பிக்ஸ் வந்தது, முடிந்தும் போயிற்று. நம்ம நீலச் சட்டைக்காரி ஐஸில் ஆடியதை நான் பாதிதான் பார்த்தேன். போன தடவை விழுந்தாளே, அதே தாவலுக்கு அவள் வேகமெடுத்தபோது நைனா போனைப் பிடுங்கிவிட்டார். "இந்தப் போனாலதான் ஒருத்தி திருப்பாலைவனத்துக்காரனோட போயிட்டா. நீ எந்த ஊருக்குப் போகப் போறே?"னு கேட்டார். இப்போது போன் பீரோவுக்குள், சாவி அவர் இடுப்பில்.

ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அம்மாவிடம் சொன்னால், "ஐஸுன்னா மீனுக்குப் போடறது. அதுல ஆடறவ ஜெயிச்சா இன்னா, தோத்தா இன்னா?" என்கிறாள். மீன் ஏலக் கொட்டகையில் கொட்டிக் கிடந்த ஐஸில் நாம் வெறுங்காலோடு சுழன்று விழுந்ததையும், திட்ட வந்த நைனாவே சிரித்துவிட்டதையும் அவளுக்கு ஞாபகப்படுத்த முடியவில்லை. உன் பேரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். உன்னோடு யார் பேசினாலும் அவர்கள் வீட்டுப் படகு கடலுக்குப் போகக் கூடாதென்று ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள்.

உன் தெருவிலிருந்து எங்கள் வகுப்புக்கு வரும் தேவதர்ஷினியிடம் இதைக் கொடுக்கிறேன். படித்ததும் கிழித்துவிடு. பதில் எழுதாதே, நைனா என் பையைத் துழாவுகிறார்.

அவள் ஜெயித்திருந்தால், வெள்ளிக்கிழமை பள்ளி விடுகிற நேரத்துக்குப் பழவேற்காடு பஸ்ஸில் வா. இறங்க வேண்டாம். எங்கள் பள்ளியைத் தாண்டும்போது உன் சிவப்புத் துப்பட்டாவை ஜன்னலில் காட்டு.

தோற்றிருந்தாலும் காட்டு.

உன் தங்கச்சி