பச்சைப் பட்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ அனுப்பின பச்சைப் பட்டுப்புடவை வந்துச்சு. கலர் அள்ளுது. நிச்சயம் அண்ணி எடுத்ததுதான்.

அதைக் கட்டிக்கினுதான் நேத்து எங்க சட்டக் கல்லூரியில என் ஆராய்ச்சிக் கட்டுரையை வாசிச்சேன். செம கைதட்டல்! அப்பா நிலத்துல தங்களோட பங்கை அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுத்த பொண்ணுங்களைப் பத்தின கட்டுரை.

அதுக்காக ஒலக்கூர் பக்கம் ஊர் ஊரா அலைஞ்சேன். பங்கு எவ்வளோன்னு கேட்டா யாருக்கும் தெரியல. அண்ணன் என்ன கொடுத்தாருன்னு கேட்டா மட்டும் ஓடிப்போய் பீரோவிலிருந்து பட்டுப்புடவையை எடுத்தாறாங்க. சவுரியம்மாள்னு ஒரு அக்கா புடவையை நீவிக்கினே, "நீ கையெழுத்துப் போட்டுட்டியாம்மா?"ன்னாங்க.

"இன்னும் புடவை வரலக்கா"ன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சிட்டோம்.

வெள்ளிக்கிழமை திண்டிவனம் பத்திர ஆபீசுக்குக் கையெழுத்துப் போட வரச் சொல்லியிருக்க. கட்டாயம் வர்றேன். அப்பாவோட மல்லாட்டைக் கொல்லை நிலத்தை நம்ம ரெண்டு பேருக்கும் சமமாப் பிரிச்சு நானே பத்திரம் எழுதிட்டேன், உனக்கு வக்கீல் செலவு மிச்சம். என் பாகத்தையும் நீயே பயிர் பண்ணு, குத்தகை மட்டும் கொடு.

உனக்கு ஒரு பட்டு வேட்டி எடுத்து வெச்சிருக்கேன். கையெழுத்துப் போட வரும்போது கட்டிக்கினு வா.

உன் செல்லத் தங்கச்சி