பளபளப்பு எங்கே, நிபுணரே?

கார் நிபுணர் அவர்களுக்கு,

மாமாவின் கண் ஆபரேஷனுக்கு வாடகைக் காரில் கிளம்பிவிட்டோம். நம் கார்தான் வாசலில் கொலு வீற்றிருக்கிறதே! "கோட்டிங் ஸ்ப்ரே அடிச்சிருக்கேன், ரெண்டு நாளைக்கு யார் விரலும் படக் கூடாது" என்பது உங்கள் உத்தரவு. பெற்ற அப்பாவின் விரலுமா என்று கேட்டதற்கு, நேற்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள்.

அடித்த கையோடு துணியால் துடைத்திருக்க வேண்டும். நீங்களோ பக்கத்து வீட்டுக்காரரை நிறுத்தி வைத்து, "இது சாதாரண மெழுகு இல்ல சார், கவசம்!" என்று பிரசங்கம் செய்தீர்கள். அவர் தப்பித்து ஓடுவதற்குள் கவசம் காய்ந்துவிட்டது. இப்போது கார் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் படை. அப்புறம் துடைத்தது என் புதுத் துண்டால் என்பதும் தெரியும்.

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. பின்கதவுச் சாவி பூந்தொட்டிக்கு அடியில்.

பி.கு: அதே மருந்தைத் துணியில் அடித்துத் திரும்பத் தேய்த்தால் வெள்ளை போய்விடுமாம். டப்பாவின் பின்பக்கம் போட்டிருக்கிறது. நிபுணர்களும் படிக்கலாம்.

இன்னொன்று: கிளம்பும்போது மாமா கார் பக்கம் திரும்பி, "பளபளன்னு இருக்காம்மா? பையன் ஆசையா செஞ்சான்" என்றார். "கண்ணாடி மாதிரி இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டேன். நாளைக் காலை கண் கட்டைப் பிரித்ததும் வீட்டுக்குத்தான் வருகிறார். அதற்குள் என் பொய்யை நிஜமாக்கி வையுங்கள். இல்லாவிட்டால் புரை இன்னும் போகவில்லை என்று டாக்டரோடு சண்டைக்குக் கிளம்பிவிடுவார்.